சாவி வாங்குவதற்கு முன்னால்

சோழிங்கநல்லூர், சென்னை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சிவில்தான் படிப்பேன் என்று அடம்பிடித்து எடுத்திருக்கிறாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

சைட் வேலையை விட்டுவிட்டு கோயம்புத்தூரிலேயே என்னைப் போல, வீடு வாங்குகிறவருக்காக வீட்டில் குறை பார்த்து அறிக்கை எழுதித் தரும் வீட்டுப் பரிசோதனைத் தொழில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகத் தொடங்கு. இத்தனை வருஷம் கொத்தனாரோடும் கம்பிக்காரரோடும் நின்று வேலை வாங்கியவனுக்கு, எங்கே எதை மறைப்பார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதற்கென்று லைசென்ஸ் வாங்க வேண்டும். நம் ஊரில் அப்படித் தனி லைசென்ஸ் கிடையாது. அதனால் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடலாம். உன் அனுபவமும் உன் பெயரும்தான் உனக்கு லைசென்ஸ்.

கருவிக்கு இப்போதே பெரிதாகச் செலவு செய்யாதே. ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம் உன்னிடமே இருக்கும். லேசர் அளவி, ஈரம் பார்க்கும் மீட்டர், பிளக் பாயிண்டில் செருகும் டெஸ்டர், நல்ல டார்ச், டைல்ஸைத் தட்டிப் பார்க்க ஒரு கம்பி, இவை போதும். தெர்மல் கேமராவை அப்புறம் வாங்கிக்கொள். அது வெப்ப வித்தியாசத்தைத்தான் காட்டும். ஈரமா இல்லையா என்பதை அந்த இடத்தில் மீட்டரை வைத்துத்தான் உறுதி செய்ய முடியும்.

போன மாதம் பெரும்பாக்கத்தில் ஒரு புது ஃபிளாட் பார்த்தேன். பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை, பார்க்கக் கண்ணுக்கு நிறைவான வீடு. குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் அது டிரெய்னுக்குப் போகாமல் கதவோரம் வந்து தேங்குகிறது. வாட்டம் தலைகீழ். அடுத்தது சமையலறை. ஃபிரிட்ஜ் பாயிண்டில் டெஸ்டரைச் செருகினால் எர்த் இல்லை என்று காட்டுகிறது. கூட வந்த பில்டரின் எலக்ட்ரீஷியன், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் போர்டில் இருந்ததே, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினார். அது டப்பென்று விழுந்தது. "பாருங்க சார், எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். அந்தப் பட்டன் எர்த் ஒயரே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். டெஸ்டர் வழியாக எர்த்துக்கு 30 மில்லி ஆம்பியர் கசியவிட முயன்றேன், கசிய வழியே இல்லாததால் ஆர்சிசிபி அசையவே இல்லை. பிளேட்டைக் கழற்றினோம். எர்த் ஒயரை வெட்டி அப்படியே சுருட்டி உள்ளே திணித்திருந்தார்கள். அந்த வீட்டில் தவழும் குழந்தை ஒன்று இருக்கிறது. இந்த வேலையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

ஆனால் நாம் விற்பது அறிக்கையை. வீடு விற்கிற பில்டர்களைக் கட்டுப்படுத்தும் ரெரா சட்டம் 2016-இன் 14-வது பிரிவைப் படித்துக்கொள். வீட்டை ஒப்படைத்ததிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து வீட்டுக்காரர் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். தேதியும் படமும் இடமும் தெளிவாக இருக்கிற அறிக்கை அன்றைக்கு வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். அதே சட்டத்தில் கார்பெட் ஏரியா என்றால் எது என்றும் விளக்கம் இருக்கிறது. வெளிச்சுவர், பால்கனி, குழாய்கள் போகிற டக்ட் எல்லாம் சேராது, உள்சுவர் சேரும். லேசரில் அளந்து பத்திரத்தோடு ஒப்பிட்டுக் கொடு. பாதிப் பேருக்குத் தாங்கள் எவ்வளவு இடத்துக்குக் காசு கொடுத்தோம் என்றே தெரியாது.

லாபம் வருமா என்று கேட்டாய். வரும். ஒரு வீட்டுக்கு 8,000 ரூபாய் வைத்து, மாதம் 15 வீடு பார்த்தால் 1,20,000 ஆகிறது. உதவிக்கு ஒரு பையன், பெட்ரோல், கருவி தேய்மானம் போனாலும் குடும்பம் நடத்தலாம். சைட்டில் அரை நாள், அறிக்கைக்கு அரை நாள் என்று கணக்கு வை. 2,000 ரூபாய்க்குப் பார்த்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு போட்டிக்குப் போகாதே. அந்தக் காசுக்கு அறிக்கை எழுத நேரம் கிடைக்காது. சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், உடனே செய்துகொள். ஜிஎஸ்டி, வருஷ வரவு 20 லட்சம் தாண்டும்போதுதான் கட்டாயம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீடு வாங்குகிறவரிடம் தவிர வேறு யாரிடமும் காசு வாங்காதே. பில்டர் கூப்பிட்டு மொத்தமாக வேலை தருகிறேன் என்பார். வாட்டர்புரூஃபிங்காரர் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசுவார். ஒழுகலைக் கண்டுபிடிக்கிறவனே ஒழுகலை அடைப்பதிலும் பங்கு வாங்கினால், அவன் எழுதுவதை யார் நம்புவார்கள்? எனக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி பழைய வாடிக்கையாளர் சொல்லி வருவதுதான். சிங்கப்பூரிலும் துபாயிலும் உட்கார்ந்துகொண்டு, வீட்டை நேரில் பார்க்காமலே கடைசித் தவணை கட்டப்போகிறவர்கள் என் ஒரு வார்த்தையை நம்பித்தான் கட்டுகிறார்கள். அந்த நம்பிக்கையில் கீறல் விழுந்தால் தொழிலே இல்லை.

வேலைக்குப் போகுமுன் எதைப் பார்ப்பாய், எதைப் பார்க்க மாட்டாய் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. பூட்டிய அறை, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் இருப்பது எல்லாம் 'பார்க்க முடியவில்லை' என்று அறிக்கையிலும் வர வேண்டும். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று சான்றிதழ் கேட்பார்கள். கண்ணால் பார்த்ததை வைத்து அதைத் தர முடியாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் அனுப்பிவிடு.

உன் ஊரில் எனக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அங்கே தனி வீடு கட்டுகிறவர்கள் அதிகம், பல இடங்களில் கரிசல் மண் வேறு. மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும் மண்ணில் அஸ்திவாரம் சரியில்லாவிட்டால் சுவர் கோணலாக வெடிக்கும். கட்டி முடித்த பிறகு போய் விரிசலைப் படம் எடுப்பதைவிட, கட்டும்போதே கட்டம் கட்டமாகப் போய்ப் பார்க்கும் வேலையைப் பிடி. அஸ்திவாரத்தில் 50, தூணில் 40, தளத்தில் 20 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டுக்கான இடைவெளி, இருக்கிறதா என்று கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் பார்க்கிறவன்தான் அந்த வீட்டைக் காப்பாற்றுகிறான். ஒரே வீட்டுக்கு நாலைந்து தடவை போவதால் வருமானமும் சீராக வரும்.

ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் இருக்காது. ஆனால் ஆவணிக்கும் தைக்கும் நாள் குறித்தவர்கள் அந்த மாதங்களின் கடைசியில் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். இந்த ஆடிக் கடைசியில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு இங்கே வா. என்னோடு நாலு வீடு ஏறி இறங்கு, இரண்டு அறிக்கையை நீயே எழுது, நான் திருத்தித் தருகிறேன். டிக்கெட் போட்டதும் சொல். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாஸ்கரன்