கிரீன்லாந்துப் பனியைக் கடக்கத் தோள் கொடுத்த உறவுகளுக்கு

அன்பான உறவுகளே,

நாங்கள் நால்வரும் மேற்குக் கிரீன்லாந்திலுள்ள கங்கர்லுஸ்ஸுவாக் என்ற ஊரில் தொடங்கி, கிரீன்லாந்தின் கிழக்குக் கரை வரை ஏறத்தாழ 550 கிலோமீட்டரைப் பனிச்சறுக்கில் கடந்து, சுகமாக ஒஸ்லோ திரும்பிவிட்டோம். முதலில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வாசலில் குளிருக்குள் நின்று கொத்துரொட்டி விற்ற பெற்றோரே, உங்கள் காசு எங்கே போனது என்று சொல்லிவிடுகிறோம். தேடி மீட்கும் செலவுக்குக் காப்புறுதி இல்லாமல் பனிப்பரப்பில் ஏற அனுமதி கிடையாது. கம்பனிகள் கூடாரம் தந்தன, உடுப்புத் தந்தன. காப்புறுதிக்கு ஒருவரும் முன்வரவில்லை. நூறும் இருநூறுமாக நீங்கள் தந்த குரோனர்தான் அதைக் கட்டியது. 1888இல் நோர்வே ஆய்வுப் பயணி நான்சன் இதே பனியை முதன்முதலில் கடக்கப் புறப்பட்டபோதும் நோர்வே நாடாளுமன்றம் கைவிரித்தது. டென்மார்க் வணிகர் ஒகஸ்டின் கமேல் பணம் கொடுத்தார். மீதியில் பெரும்பகுதி பல்கலைக்கழக மாணவர்கள் ஊராரிடம் சேர்த்த சிறு தொகைகள். நான்சனையும் சாதாரண சனம்தான் அனுப்பி வைத்தது.

அப்புறம், எங்கள் அங்கிகளின் ஒவ்வொரு ஸிப் இழுப்பானிலும் தடித்த கயிறு கோத்துத் தந்த அன்ரி! அந்தக் காற்றில் கையுறையைக் கழற்றினால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிடும். கயிற்றைப் பிடித்து இழுத்த ஒவ்வொரு தடவையும் உங்களை நினைத்தோம். எள்ளுப்பாகைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டித் தந்த அம்மாமாருக்கும் நன்றி. சொக்லேட் கல்லாக இறுகிய நேரத்திலும் அந்த உருண்டையைக் கடிக்க முடிந்தது.

நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் இளமையைக் கழித்த ஐயாமார், "பருத்தி உடம்பில் படக்கூடாது, கம்பளிதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்படியே செய்தோம்.

ஒவ்வொரு மாலையும் காற்றின் வேகத்தைச் செய்மதித் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிய தம்பிக்குத் தனி நன்றி. கிழக்குக் கரையை நெருங்கையில் பிட்டராக் என்னும் கடுங்காற்று வருகிறது என்று நீர் முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் பனிச்சுவர் கட்ட எங்களுக்கு நேரம் இருந்திருக்காது. பனிப்பரப்பிலிருந்து கரையை நோக்கிப் பாய்கிற அந்தக் காற்றுக்குக் கூடாரத் துணி ஒரு பொருட்டே இல்லை.

வரவுசெலவுக் கணக்கைப் பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். சறுக்குகளும் இழுவைச் சறுக்கு வண்டிகளும் கூடாரங்களும் பள்ளிக் களஞ்சிய அறையில் இருக்கின்றன. உங்கள் காசும் உழைப்பும்தான் இந்தப் பயணத்தை நடத்தின. மலைக்குப் போக விரும்பும் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை.

அன்புடன்,
நால்வரும்