கயலின் முன்கை வலி பற்றி சங்கரனுக்கு

அன்புள்ள சங்கரா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆக்கிவிட்டேன், வேண்டிய மட்டும் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். ராஜி உன்னைக் கேட்டாள்.

கயல் பியானோ போட்டியில் பரிசு வாங்கியதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘வலது முன்கையில் கொஞ்சம் வலியாம், தைலம் தேய்க்கிறாள்’ என்று முடித்திருக்கிறாயே! முக்கியமானதை ஓரத்தில் எழுதும் உன் பரீட்சைப் பழக்கம் இன்னும் போகவில்லை.

பியானோ கலைஞருக்குப் போட்டியைவிடக் கடினமானவை பரிசுக்குப் பின் வரும் இரண்டு மூன்று வருடங்கள். எந்தக் கான்செர்ட்டோவை (ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து ஒருவர் தனித்து வாசிக்கும் நீண்ட படைப்பு) வாசித்து ஜெயித்தாளோ அதையேதான் எல்லா ஊரிலும் கேட்பார்கள். வான் கிளைபர்ன் 1958-ல் மாஸ்கோவில் முதல் சைகோவ்ஸ்கி போட்டியை ஜெயித்தபோது வயது 23. அதன்பின் போன இடமெல்லாம் அதே சைகோவ்ஸ்கியின் முதல் கான்செர்ட்டோ, அதே ராக்மனினோவின் மூன்றாவது. 1978-ல் மேடையை விட்டே ஒதுங்கிவிட்டார், திரும்பி வரப் பல வருடங்கள் ஆயின.

வேறொருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் கயல் மாற்றாகப் போகிறாள் என்கிறாய். அது தப்பென்று சொல்லமாட்டேன். 1963-ல் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் வரமுடியாதபோது 16 வயது ஆந்த்ரே வாட்ஸ் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தார், ஒரே இரவில் பெயர் பரவியது. 1999-ல் அதே வாட்ஸுக்கு மாற்றாக 17 வயது லாங் லாங் வந்தார். ஆனால் வாட்ஸ் வாசித்த ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் முதல் கான்செர்ட்டோ அவர் கையில் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. கயல் ஒப்புக்கொண்டிருப்பது பிராம்ஸின் இரண்டாவது கான்செர்ட்டோ! நாலு பகுதி, கிட்டத்தட்ட 50 நிமிடம், இரண்டு கையிலும் கனமான கார்டுகளும் (பல சுரங்களை ஒன்றாகத் தட்டுவது) ஆக்டேவ்களும் (ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்துத் தட்டுவது). பல மாதம் தொடாததைப் பத்து நாளில் தூசி தட்டினால், முதலில் அடிவாங்குவது முன்கைத் தசைநார்தான்.

வலிக்கு இன்னொரு காரணமும் இருக்கும், அதை அவளிடம் கேள். வயலின்காரர் தன் வாத்தியத்தைக் கையோடு கொண்டுபோகிறார். பியானோக்காரருக்கு ஊருக்கு ஊர் புதுப் பியானோ. ஒரு கட்டை கீழே இறங்கச் சுமார் 50 கிராம் எடை போதும். சிலவற்றில் அது 55, 60 என்று ஏறியிருக்கும். வித்தியாசம் அற்பமாகத் தெரியும், ஆனால் ஒரு கான்செர்ட்டோவில் எத்தனை ஆயிரம் முறை அழுத்துகிறாள் என்று நினைத்துப் பார். அதைவிட மோசம் ஒலி மந்தமான பியானோ. உள்ளே கம்பிகளைத் தட்டும் சுத்தியல்களின் ஃபெல்ட் (கம்பளி உறை) மெத்தென்று ஆகிவிட்டால் சத்தம் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிப் போகாது. உடனே கை தானாக அழுத்த ஆரம்பிக்கும். கட்டை அடியைத் தொட்ட பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒலியில் துளியும் கூடாது, அந்த பலமெல்லாம் மணிக்கட்டுக்குத்தான் திரும்புகிறது.

அதனால் ஒத்திகைக்கு முன் பியானோவோடு தனியாக ஒரு மணி நேரம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்கச் சொல். முதலில் ஸ்டூலை உயர்த்தி, முழங்கை கட்டைமட்டத்துக்கு வருகிறதா என்று பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு கட்டையாக மிக மெதுவாக வாசித்தால் எது ஊமை, எது கத்துகிறது என்று தெரிந்துவிடும். ஒரே சுரத்தை வேகமாகத் திருப்பித் தட்டிப் பார்க்க வேண்டும். டெக்னீஷியனிடம் ‘நன்றாக இல்லை’ என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? ‘மேல் இரண்டு ஆக்டேவ் மந்தம், நடுவில் இந்தக் கட்டை திரும்பி எழ நேரமாகிறது’ என்று சொல்லவேண்டும். ஃபெல்ட்டைத் தேய்த்து ஒலியைக் கூர்மையாக்க அவருக்கு நேரம் பிடிக்கும். கடைசி ஒத்திகை முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.

சங்கரா, இனி சொல்வதைக் கவனமாகப் படி. லியோன் ஃப்ளைஷர் 1952-ல் பிரஸ்ஸல்ஸில் குயீன் எலிசபெத் போட்டியை ஜெயித்தவர். 1960-களின் நடுவில் அவர் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் உள்ளே சுருண்டுகொண்டன. ஃபோகல் டிஸ்டோனியா, தசைகள் தானாக இறுகிக்கொள்ளும் நரம்பு நோய். அதன்பின் பல வருடங்கள் இடதுகைக்கென்று எழுதிய இசையை வாசித்தார், பாடம் நடத்தினார், ஆர்க்கெஸ்ட்ரா நடத்தினார். 1990-களில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியின் உதவியோடுதான் இரண்டு கையும் மேடைக்குத் திரும்பியது. இந்த நோயில் பெரும்பாலும் வலியே இருக்காது, வாசிக்கும்போது மட்டும் விரல் சொல்பேச்சு கேட்காது. கயலுக்கு இருப்பது வலி என்பதால் வேறாகத்தான் இருக்கும். ஆனாலும் நாலாவது, ஐந்தாவது விரல் தானாக மடங்குகிறதா என்று கேள். ‘ஆமாம்’ என்றால் இன்னும் அதிகப் பயிற்சி செய்து சரிக்கட்டப் பார்ப்பாள், விடாதே.

தைலம் போதாது. இசைக்கலைஞர்களின் கையைப் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், இந்த வாரமே காட்டு. அதுவரை ஆக்டேவ் பகுதிகளைத் தொடவேண்டாம். அரைமணிக்கு ஒருமுறை கை ஓயட்டும், மீதியை நோட்ஸைப் பார்த்து மனசுக்குள்ளேயே வாசிக்கட்டும். ராக்மனினோவின் மூன்றாவதை வாசிக்க வேண்டிவந்தால், பெரிய கேடன்ஸாவை (ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல் பியானோ மட்டும் வாசிக்கும் பகுதி) விட்டுவிட்டுச் சின்னதை வாசிக்கட்டும். ராக்மனினோவே தன் ஒலிப்பதிவில் அதைத்தான் வாசித்திருக்கிறார், அதில் ஒரு குறைவும் இல்லை.

பிராம்ஸுக்கு அவள் மேலாளர் இன்றே ‘முடியாது’ என்று சொன்னால் அவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கும். வேண்டுமானால் மொட்சார்ட் ஏதாவது தருகிறேன் என்று கேட்டுப் பார்க்கலாம், பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். முந்தின நாள் சொன்னால்தான் பெயர் கெடும்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. இந்த முறை அதை முதல் வரியில் எழுது.

அன்புடன்,
முரளி