அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டென்னிஸ் முடிவுகளை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் "6-4, 7-6 என்ற புள்ளிக் கணக்கில் வென்றார்" என்று போடுகிறீர்கள். அந்த எண்களில் ஒன்றுகூடப் புள்ளி இல்லை, அத்தனையும் கேம்கள். புள்ளிகள் சேர்ந்தால் கேம், கேம்கள் சேர்ந்தால் செட். ஒரு கேமை எடுக்கவே குறைந்தது நான்கு புள்ளி வேண்டும். 15, 30, 40 என்பவை முதல், இரண்டாம், மூன்றாம் புள்ளிகளின் பெயர்கள், அவ்வளவுதான். இருவரும் 40-க்கு வந்துவிட்டால் டியூஸ்; அதன்பின் தொடர்ந்து இரண்டு புள்ளி எடுப்பவருக்கே கேம்.

ஐந்தொகை போட்டுப் பழகிய செட்டிநாட்டில், மிச்சத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகாத கணக்கு கணக்கே இல்லை. டென்னிஸ் கணக்கோ மிச்சமே வைக்காது. எதிராளிக்கு ஒரு புள்ளியும் கொடுக்காமல் வென்றாலும், பத்து டியூஸ் தாண்டி வென்றாலும் கிடைப்பது ஒரு கேம். 6-0 என்றாலும் 7-6 என்றாலும் ஒரு செட். 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஃபெடரர் எடுத்தது 218 புள்ளி, ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போனது: 7-6(5), 1-6, 7-6(4), 4-6, 13-12(3). (அந்த ஆண்டு விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு மட்டும் 12-12 ஆன பிறகே டைபிரேக்கர்.) ஃபெடரர் தம் இரண்டு செட்களை அள்ளிக்கொண்டார். கேம்கள் சமமானபோது செட்டை முடிக்க ஆடிய மூன்று டைபிரேக்கர்களையும் விட்டுவிட்டார். புள்ளிக் கணக்கில் பார்த்தால் அன்று வென்றவர் அவர்தான்! தயவுசெய்து "செட் கணக்கில்" என்றே எழுதுங்கள்.

இடத்தை மிச்சம் பிடிக்க நீங்கள் முதலில் வெட்டுவது அடைப்புக்குறி எண்ணை. அந்த செட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. 6-6 ஆனதும் ஆடும் டைபிரேக்கரில் 7 புள்ளியை முதலில் தொட வேண்டும். இரண்டு புள்ளி முன்னிலையும் வேண்டும். அடைப்புக்குறிக்குள் வருவது தோற்றவரின் புள்ளி. அது 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் வென்றவருக்கு 7. 6 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டைக் கூட்டிக்கொள்ளலாம்: (8) என்றால் 10-8. ஒரு விதிவிலக்கு உண்டு. 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் கடைசி செட் 6-6 ஆனால் 10 புள்ளி டைபிரேக்கர். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் அல்கராஸ் சின்னரை வென்ற ஐந்தாம் செட்டை வெறும் 7-6(2) என்று போட்டால், வாசகர் 7-2 என்றே எடுத்துக்கொள்வார். அங்கே 10-2 என்று முழுதாக அச்சிட வேண்டும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நடுவர் இல்லாமல் ஆடும் பிள்ளைகளுக்காகவும் நாலு வரி ஒதுக்குங்கள். சர்வ் போடுபவர் ஒவ்வொரு முறையும் கணக்கை உரக்கச் சொல்லிவிட்டே பந்தைத் தூக்க வேண்டும், தன் எண்ணை முதலில் சொல்லி. பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும். எந்தப் பக்கம் நின்று சர்வ் போடுவது என்ற குழப்பத்துக்கும் வழி இருக்கிறது. கேமில் அதுவரை ஆடிய புள்ளிகள் இரட்டைப்படை என்றால் வலப்பக்கம், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம். 40-15 என்பது நான்கு புள்ளி, வலம். 40-30 ஐந்து, இடம்.

டைபிரேக்கரில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். முதலில் சர்வ் போடுபவருக்கு ஒரே புள்ளி, அதுவும் வலப்பக்கத்திலிருந்து. அடுத்தவர் இடப்பக்கத்தில் தொடங்கி இரண்டு போடுவார். பிறகு ஆளுக்கு இரண்டிரண்டு. ஆறு புள்ளிக்கு ஒருமுறை இருவரும் வலைக்கு மறுபுறம் மாற வேண்டும். முதலாமவரும் இரண்டு போட்டுவிட்டால் கடைசிவரை முறை தவறிப்போகும்.

கணக்கே மறந்துபோனால் கேமை முதலிலிருந்து ஆட வேண்டியதில்லை. இருவரும் ஒப்புக்கொள்ளும் புள்ளிகள் அப்படியே நிற்கும். தகராறான புள்ளியை மட்டும் மறுபடி ஆட வேண்டும். ஒருவர் 40-30 என்கிறார், மற்றவர் 30-40 என்கிறார். முதல் புள்ளி யாருடையது என்பதில்தான் வழக்கு என்று வையுங்கள். ஆளுக்கு இரண்டு புள்ளி என்பதில் இருவருக்கும் சம்மதம். ஆகவே 30-30-லிருந்து தொடர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.