நட்சத்திரம் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாவல்களுக்கு வாசகர்கள் போடும் நட்சத்திரங்களைப் பற்றி ஒரு நாவலாசிரியரின் கடிதம் இது.

ஐந்து நட்சத்திரக் கணக்கு பார்வைக்குத்தான் எல்லா இடத்திலும் ஒன்று. வாசகர்கள் நூல்களை மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளத்தில் இரண்டு என்றால் ‘பரவாயில்லை’, மூன்று என்றால் ‘பிடித்திருந்தது’. விற்பனைத் தளத்தில் அதே மூன்றைப் பார்ப்பவர், ‘ஏதோ குறை இருக்கிறது’ என்று நகர்ந்துவிடுகிறார்.

சராசரி இன்னும் ஏமாற்றும். நான்கு பேர் ஐந்து கொடுத்து, ஒருவர் மட்டும் ஒன்று கொடுத்தால் 4.2. ஐந்து பேர் போட்ட 4.2-ம் ஐந்நூறு பேர் போட்ட 4.2-ம் ஒரே எடை அல்ல. எல்லோரும் மூன்று போட்டாலும் சராசரி 3. பாதிப் பேர் ஐந்தும் மீதிப் பேர் ஒன்றும் போட்டாலும் அதே 3. முன்னது சப்பென்ற நாவலாக இருக்கக்கூடும். பின்னது சண்டை மூட்டிய நாவல். நான் அதைத்தான் முதலில் கையில் எடுப்பேன்.

ஒற்றை நட்சத்திரங்களில் பல கதையைப் பற்றியவையே அல்ல. அட்டை மடங்கி வந்தது, பார்சல் தாமதம், நடுவில் பக்கங்களைக் காணோம். பக்கங்கள் போனது பைண்டிங் கோளாறு: பெரும்பாலும் ஒரு பாரம், அதாவது 16 பக்கம், சேர்க்காமலே தைத்திருப்பார்கள், அல்லது ஒரே பாரம் இரண்டு முறை வந்திருக்கும். பக்க எண்ணைக் குறித்துப் பதிப்பகத்துக்கோ விற்றவருக்கோ எழுதினால் வேறு பிரதி கிடைக்கும். பிரதி மாறிவிடும், போட்ட நட்சத்திரம் அப்படியே நிற்கும். அச்சு, மின்நூல், ஒலிநூல் மூன்றின் மதிப்பீடுகளையும் பல தளங்கள் ஒன்றாகச் சேர்ப்பதால், ஒலிநூலில் வாசித்தவரின் குரல் பிடிக்காத கோபமும் நாவலின் தலையில்தான் விழும்.

பாதியில் மூடி வைத்தவர் எழுதக் கூடாதா? தாராளமாக எழுதலாம், எங்கே மூடினார் என்று சொன்னால். ‘ஒரே போர்’ என்பதால் யாருக்கும் பயனில்லை. ‘ஏழாம் அத்தியாயத்தில் அண்ணன் தம்பி இருவரில் பேசுவது யார் என்றே புரியவில்லை’ என்பது பொன்னான வரி. ஒருவர் சொன்னால் அது ரசனை. நான்கு பேர் அதே இடத்தில் இடறினால் தவறு எழுத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு நாவலென்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் குறிப்பிடுங்கள். அதே நாவல் இன்னொருவர் கையில் வேறு நாவல். கதையை எவ்வளவு சொல்லலாம்? முதல் கால்பங்கோடு நிறுத்திக்கொண்டால் யாரும் சபிக்க மாட்டார்கள்.

எழுத்தாளர்களும் யோக்கியர்கள் அல்ல. 2004-இல் அமேசானின் கனடா தளத்தில் ஏற்பட்ட கோளாறால், பெயரை மறைத்து எழுதியவர்களின் நிஜப் பெயர்கள் வெளியே வந்தன. தம் நூலைத் தாமே புகழ்ந்த எழுத்தாளர்களும் அதில் அகப்பட்டார்கள். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதக் கூடாது என்பது அந்தத் தளத்தின் விதி. எவ்வளவு பேர் மதிக்கிறார்களோ!

கடைசியாக ஒரு வேண்டுகோள். அச்சுப்பிழையைச் சுட்டும்போது பக்க எண்ணோடு பதிப்பு ஆண்டையும் எழுதுங்கள். அந்தப் பிழை அடுத்த அச்சில் ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு நாவலாசிரியர்