பிள்ளைகளின் நட்பு குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இத்தவணை புள்ளிகளைப் பற்றியன்றி, பிள்ளைகள் யாருடன் பேசிப் பழகுகிறார்கள் என்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

வெவ்வேறு ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து தரம் 6இற்கு வந்துள்ள பிள்ளைகளுட் சிலர், இடைவேளை மணி அடித்த பின்னரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறவாமல் வகுப்பிலேயே இருந்துவிடுகிறார்கள். கேட்டால், “பசிக்கேல்லை ரீச்சர்” என்கிறார்கள். பாடசாலை விட்டதும் வாசலில் மோட்டார் சைக்கிள் காத்து நிற்கிறது. சீருடையை மாற்றவும் நேரமின்றித் தனியார் கல்வி நிலையத்துக்குச் செல்லும் பிள்ளை, அங்கே வாங்கில் நெருக்கியடித்து இருந்து கொப்பி நிறைய எழுதிக்கொண்டு, பக்கத்திலிருப்பவரின் பெயரும் அறியாமல் இருட்டிய பின் வீடு திரும்புகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டுள்ளார் என்றும், அவ்வுணர்வுள்ள பதின்ம வயதினர் குறைந்த பெறுபேறுகளைப் பெறும் வாய்ப்பு மற்றவர்களைவிட 22 சதவீதம் அதிகம் என்றும் கூறுகிறது. பெறுபேற்றுக்காகவே விளையாட்டையும் நட்பையும் நிறுத்திவைக்கும் பெற்றோர் இதனைச் சற்று யோசிக்க வேண்டும்.

ஆகவே, வாரத்தில் ஒரு மாலையையேனும் வகுப்புகளின்றி விட்டுவிடுங்கள். அன்று பிள்ளை சனசமூக நிலைய மைதானத்துக்கோ, ஒழுங்கையிலுள்ள நண்பரின் வீட்டுக்கோ போய்வரட்டும். யாருடைய பிள்ளை, எந்தப் பகுதி என்று விசாரித்த பின்னரே பழக விடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதைக் கைவிடுமாறு வெளிப்படையாகவே கேட்கிறேன். பெற்றோர் வெளிநாட்டிலிருக்க அம்மம்மாவுடனோ அப்பப்பாவுடனோ வளரும் பிள்ளைகளுக்கு இரவில் வரும் தொலைபேசி அழைப்பு பெரும் ஆறுதல்தான். ஆயினும், பந்து எறிந்தால் பிடித்துத் திருப்பி எறிய அருகில் ஒருவர் வேண்டும். அத்தகைய பிள்ளையை உங்கள் பிள்ளையோடு ஒருநாள் வீட்டுக்கு அழையுங்கள். தேநீரும் வடையும் போதும், விருந்து தேவையில்லை.

எமது பங்காக, அடுத்த தவணை முதல் தரம் 6, 7 வகுப்புகளில் இருக்கைகளை மாதந்தோறும் மாற்றுவோம். வெள்ளிக்கிழமை இறுதிப் பாடவேளையை எக்காரணம் கொண்டும் பரீட்சைப் பயிற்சிக்கு எடுக்காமல் விளையாட்டுக்கே ஒதுக்குவோம்.

உங்கள் பிள்ளை இரண்டு வாரங்களுக்கு மேலாக யாருடனும் பேச விரும்பாமல் ஒதுங்கியிருந்தாலோ, உணவிலும் உறக்கத்திலும் மாற்றம் தெரிந்தாலோ வகுப்பாசிரியரிடம் தயங்காது கூறுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐயும் அழைக்கலாம். இவை குறித்து நேரில் பேச விரும்புவோர், பாடசாலை நாட்களில் பிற்பகல் 1.30இற்குப் பின் எனது அலுவலகத்துக்கு வரலாம்.

இப்படிக்கு,
அதிபர்