நினைவஞ்சலியில் பயிற்சி நோட்டுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மறைந்தால் அவர் வாங்கித் தந்த கோப்பைகள், அவரிடம் பயின்ற வீரர்கள், அவருடைய கண்டிப்பு என்று நினைவஞ்சலிகள் வருகின்றன. அவர் எதை, எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பது மட்டும் அவற்றில் இருப்பதில்லை. கணித ஆசிரியர் போனாலும் பாடநூல் இருக்கும். பி.டி. சாரின் பாடமோ பெரும்பாலும் அவர் கைப்பட எழுதிய நோட்டில் இருக்கிறது. அது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடுகிறது.

ஓடுதளம் போடுவதையே எடுத்துக்கொள்வோம். 200 மீட்டர் தளத்துக்கு நேர்ப்பகுதிகள் இரண்டும் தலா 40 மீட்டர் என்றால் மீதி 120 மீட்டர் இரண்டு அரைவட்டங்களில் வர வேண்டும். அதற்கான ஆரம் 19.10 மீட்டர். ஆனால் உள்விளிம்பின் சுண்ணாம்புக் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஓடுவதாகத்தான் கணக்கு. எனவே கோட்டை 18.90 மீட்டர் ஆரத்தில் போட வேண்டும். இரண்டு நேர்ப்பகுதிகளுக்கும் நடுவிலுள்ள செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் 55.03 மீட்டர் வருகின்றனவா என்று பார்த்த பிறகே வளைவைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் தளம் கோணிக்கொள்ளும். வளைவுக்குக் கயிறு உதவாது. இழுக்க இழுக்க நீளும். கம்பி அல்லது இரும்பு டேப் வேண்டும்.

அடுத்தது ஸ்டாகர், அதாவது வெளி லேன்களில் (ஓடுபாதைகளில்) ஓடுபவர்களின் தொடக்கக் கோட்டை முன்னே தள்ளி வைக்கும் தூரம். லேன் அகலம் 1.22 மீட்டர் என்றால், ஒரு முழுச்சுற்றுக்கு இரண்டாவது லேனுக்கு 7.04 மீட்டர் என்று புத்தகங்களில் இருக்கும். உள்விளிம்பில் உயர்ந்த கட்டை பதித்த தளத்துக்கான அளவு அது. வெறும் சுண்ணாம்புக் கோட்டுக்கு 7.67 மீட்டர். இது தெரியாமல் 7.04-ஐ வைத்தால் முதல் லேனைத் தவிர மற்ற எல்லாரும் 63 செ.மீ. கூடுதலாக ஓடுவார்கள். பள்ளி மாணவருக்கு அது ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடி. பதக்கமே கைமாறிவிடும்.

4x100 ரிலேயில் நல்ல பயிற்சியாளரின் கைவண்ணம் இன்னும் தெளிவாகத் தெரியும். முதல் ஓட்டக்காரர் பேட்டனை (கைமாற்றும் குச்சியை) வலக்கையில் பிடித்து வளைவின் உள்பக்கமாக வருவார். இரண்டாமவர் இடக்கையில் வாங்கி லேனின் வெளிப்பக்கமாக ஓடுவார். மூன்றாமவர் வலக்கை, நான்காமவர் இடக்கை. வாங்குபவர் தமக்குப் பின்னால் அடிவைத்து அளந்து ஓர் அடையாளம் போட்டுக்கொள்வார். கொடுப்பவர் அதைத் தொட்டதும் புறப்படுவார். முதலில் 20 அடி வைத்துப் பார்க்கலாம். கொடுப்பவரால் எட்டிப்பிடிக்க முடியவில்லை என்றால் அடையாளத்தைக் கிட்டே கொண்டுவர வேண்டும், முட்டிக்கொண்டால் தள்ளி வைக்க வேண்டும். வாங்குபவர் திரும்பிப் பார்த்தாலோ, கொடுப்பவரின் குரல் வரும் முன்பே கையை நீட்டினாலோ வேகம் போய்விடும். பேட்டனைக் கைமாற்ற வேண்டிய 30 மீட்டர் எல்லைக்குள் இருக்க வேண்டியது பேட்டன்தான், ஓடுபவரின் கால் அல்ல. இதைச் சொல்லித் தராததால் தேவையில்லாமல் பயந்து, எல்லையின் தொடக்கத்திலேயே மெதுவாக மாற்றிக்கொள்ளும் அணிகள் ஏராளம்.

நீளம் தாண்டுதலில் பலகையை மிதித்துத் தவறுபவர்களுக்குக் கடைசிக் காலடியைச் சரிசெய்யச் சொல்வார்கள். கோளாறு பெரும்பாலும் ஓட்டத்தின் முதல் சில காலடிகளில் இருக்கும்.

எழுதி வைத்ததால் நிலைத்தது கூடைப்பந்து. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதி, தட்டச்சு செய்த தாளை அறிவிப்புப் பலகையில் போட்டார். பீச் பழக்கூடைகளை அவர் மாட்டிய 10 அடி உயரம் இன்றும் மாறவில்லை.

ஆகவே, அஞ்சலிக் கட்டுரை கேட்கும்போதே அந்தக் குடும்பத்தாரிடம் நோட்டுகளையும் கேளுங்கள். தளத்தின் வரைபடம், வாரப் பயிற்சி அட்டவணை, மாணவர்களின் நேரம், தூரம் குறித்த பக்கங்கள் முக்கியமானவை. பென்சிலில் எழுதியவை மங்கிப்போகும் முன் படம் எடுத்துவிட வேண்டும். காயம், உடல் எடை பற்றிய குறிப்புகளை வெளியிடுவதானால் மாணவர் பெயரை நீக்கிவிடுங்கள். பயிற்சி அளவை மட்டும் தனியே போடாதீர்கள். எந்த வயதினருக்கு, பருவத்தின் எந்த வாரத்தில் கொடுத்தது என்பதும் சேர்ந்து வர வேண்டும். பதினேழு வயதுக்குக் கொடுத்ததைப் பன்னிரண்டு வயதில் செய்தால் முழங்கால்தான் வலிக்கும்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்