ஸ்டாக்கில் கோட் ஓட அனுமதி கேட்கும் லைப்ரரிகளின் பராமரிப்பாளர்களுக்கு

வணக்கம். நேற்றுவரை நன்றாக ஓடிய ஒரு புரோகிராம், லினக்ஸை அப்டேட் செய்த மறுநாள் காலையில் திறக்கவே இல்லை. பிளக்இன் ஒன்று ஸ்டாக்கில் (புரோகிராம் தன் தற்காலிகத் தரவை வைக்கும் நினைவகப் பகுதி) கோட் ஓட அனுமதி கேட்கிறது, தர முடியாது என்று ஒரே ஒரு வரி வந்தது. அந்த பிளக்இன்னின் உதவிப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான "ஜிலிப்சியின் பழைய பதிப்புக்குப் போய்விடுங்கள்" என்று போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

2025 ஜனவரியில் வந்த ஜிலிப்சி 2.41 இந்த அனுமதியைத் தர மறுத்தது சரியான காரியம். அதற்கு முன்பு, புரோகிராம் ஓடும்போது நடுவில் ஏறும் ஒரு லைப்ரரி கேட்டாலே போதும், அந்த புரோசஸில் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) இணையாக ஓடும் எல்லா திரெட்களின் ஸ்டாக்கிலும் கோட் ஓடலாம் என்று ஆகிவிடும். 2023-இல் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், லாகின் சாவிகளை வைத்திருக்கும் எஸ்எஸ்எச்-ஏஜென்டை உடைத்துக் காட்டியபோது இதுவும் அவர்களுக்குக் கைகொடுத்தது, அவர்கள் ஏற்றியதெல்லாம் உபுண்டுவின் சாதாரண லைப்ரரிகள்தான். 1988-இல் இணையத்தில் தானாகப் பரவிய மோரிஸ் புழு என்ற புரோகிராம், பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சர்வருக்குள் நுழைந்ததும் இதே வழியில்தான்: 512 பைட் இடத்தில் அதைவிட நீளமான தரவைத் திணித்து, ஸ்டாக்கில் விழுந்த அதையே ஓடவைத்தது.

நினைவகம் பக்கங்கள் என்ற சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும். எழுதுகிற பக்கத்தில் எதுவும் ஓடக்கூடாது, ஓடுகிற பக்கத்தில் யாரும் எழுதக்கூடாது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2003-லேயே இதைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு வந்த ஏஎம்டியின் 64 பிட் சிப்பில், ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் 'இங்கே ஓடாதே' என்று சொல்ல தனி பிட்டே இருந்தது.

எனக்கு வயிறு எரிவது எதற்கென்றால், உங்களில் பெரும்பாலோருக்கு இந்த அனுமதி தேவையே இல்லை. அந்த பிளக்இன்னை, பைனரி கோப்பின் உள்விவரம் காட்டும் ரீட்எல்ஃபில் போட்டுப் பார்த்தேன், ஸ்டாக்கின் அனுமதியைச் சொல்லும் ஜிஎன்யூ ஸ்டாக் வரியில் ஆர் (படிக்க), டபிள்யூ (எழுத), இ (ஓட) மூன்றும் நிற்கிறது. தேடிக்கொண்டே போனால், யாரோ எப்போதோ கையால் எழுதிய ஒரு அசெம்பிளி கோப்பு. 'எனக்கு ஓடும் ஸ்டாக் வேண்டாம்' என்கிற நோட் செக்‌ஷன் அதில் இல்லை, அது இல்லாவிட்டால் எக்ஸ்86 சிப்களில், கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் ஓடும் ஸ்டாக் வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளும். நூறு கோப்புகளில் ஒன்றில் விட்டுப்போனாலும் மொத்த லைப்ரரிக்கும் அதே கதிதான். அந்த வரியைச் சேர்த்து மறுபடி பில்ட் செய்தேன், பிளக்இன் ஒழுங்காக ஏறியது. இவ்வளவுதான் விஷயம்! 2022-இல் வந்த பின்யூட்டில்ஸ் (லிங்கர் அடங்கிய கருவித் தொகுப்பு) 2.39 முதல் லிங்கரே இதைப் பற்றி எச்சரிக்கிறது, அதை அடக்கிவைக்கத் தனி ஆப்ஷன் தேடுகிறவர்களையும் பார்க்கிறேன்.

ஜேஐடி (ஓடும்போதே கோட் உருவாக்கும் கம்பைலர்) எழுதுகிறவர்களுக்கு, தாங்களே எழுதிய கோடை ஓட்டும் தேவை நிஜமாகவே உண்டு, சரி. ஆனால் அவர்களும் முதலில் எழுதிவிட்டு, அப்புறம் நினைவகப் பக்கத்தின் அனுமதியை மாற்றும் எம்புரொடெக்ட் மூலம் எழுதும் அனுமதியை எடுத்து, ஓடும் அனுமதியைக் கொடுத்து ஓட்டலாம். ஸ்டாக் பக்கமே போக வேண்டியதில்லை.

அடுத்த வெளியீட்டுக்கு முன் உங்கள் லைப்ரரியை ஒருமுறை ரீட்எல்ஃபில் பாருங்கள். அந்த இ நின்றால் வரியைச் சேருங்கள், உதவிப் பக்கத்தில் இருக்கும் அந்த ஆலோசனையையும் எடுத்துவிடுங்கள்.